ஓனர் ஊரில் இல்லை

கீசர் சுவிட்ச் பாத்ரூம் கதவுக்குப் பின்னால் இருக்கிறது அக்கா. போட்டுவிட்டுக் கால்மணி நேரம் பொறுங்கள், கொதிக்கக் கொதிக்க வரும். குடிக்கிற தண்ணீர் அந்தப் பச்சை மூடிக் கேனில். சாயங்காலம் ஆனதும் ஜன்னலைச் சாத்திவிடுங்கள், குரங்கு வரும். பிஸ்கட் பாக்கெட்டைப் பார்த்துவிட்டால் அதற்கு விருந்தாளி, வீட்டுக்காரர் என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது.

ஓனரிடம் பேச வேண்டும், நம்பர் கொடு என்று கேட்டீர்கள். யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான். ஓனர் ஊரில் இல்லை, எதுவானாலும் என்னிடம் சொல்லுங்கள். உங்களிடமும் அதைத்தான் சொல்லியிருப்பேன். நீங்கள் என்னவென்றால் வந்ததும் ரூமைப் பார்க்காமல் நேரே அடுப்படிக்கு வந்து நின்று, "நீ சாப்ட்டியாம்மா" என்று கேட்டுவிட்டீர்கள். இத்தனை வருஷத்தில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. குறையாகச் சொல்லவில்லை. இரண்டு நாள் இருந்துவிட்டுப் போக வருகிறவர்கள் எதற்குக் கேட்க வேண்டும்.

ஓனர் நான்தான் அக்கா. நானும் எங்கள் வீட்டுக்காரரும்.

நம்பாத மாதிரி பார்க்கிறீர்கள். பரவாயில்லை. நகராட்சி ஆபீஸிலிருந்து வந்த மேடமும் இப்படித்தான் பார்த்தார்கள்.

நான் கீழே ஒட்டன்சத்திரம் பக்கம். பன்னிரண்டு வரைக்கும் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம். அதற்குமேல் படிக்க வைக்கவில்லை, எனக்கும் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. அய்யனாருக்குக் கட்டிக்கொடுத்து மலைக்கு அனுப்பினார்கள். அவர் ஜீப் ஓட்டுகிறார். வருகிறவர்களுக்கு அருவி, ஏரி எல்லாம் சுற்றிக்காட்டுவார். இந்த வீடு மாமனார் கட்டியது. தோட்ட வேலை பார்த்துக்கொண்டே எட்டு வருஷம் கல் கல்லாகச் சேர்த்துக் கட்டினாராம். முன்னால் இரண்டு ரூம், நடுவில் கூடம், பின்னால் அடுப்படி, அதற்கும் பின்னால் விறகுக் கொட்டகை. அவ்வளவுதான்.

விருந்தாளிக்கு ரூம் விடுவது என்று நாங்கள் திட்டம் போட்டு ஆரம்பிக்கவில்லை. ஒரு மே மாசம், இவருடைய ஜீப்பில் வந்த குடும்பத்துக்கு ஊர் முழுக்கத் தேடியும் ரூம் கிடைக்கவில்லை. கைக்குழந்தை வேறு. முன்ரூமைக் கொடுத்தோம். போகும்போது அந்தத் தம்பியே போனில் ஆப் போட்டு, போட்டோ எடுத்து ஏற்றிவிட்டுப் போனார். மறுவாரமே ஆள் வந்தது. நான் ரசம் வைத்தால் டம்ளரில் வாங்கிக் குடிப்பார்கள். எங்கள் தன்ஷிகா அப்போது கைப்பிள்ளை முடிந்து நடக்கிற வயசு. வருகிறவர்கள் மடியிலெல்லாம் போய் உட்காருவாள்.

ஆப்பில் நட்சத்திரம் போடுவார்கள், தெரியுமில்லையா, நீங்களும் போடுவீர்கள். முதலில் எல்லோரும் ஐந்துதான். அப்புறம் ஒருவர் மூன்று போட்டார். "வீடு சுத்தம். ஆனால் குடும்பத்தின் புழக்கம் தெரிகிறது" என்று எழுதியிருந்தார். எனக்குப் புரியவில்லை. குடும்பம் இருந்தால் புழக்கம் தெரியாதா என்றேன். இவர் சொன்னார், "அவங்க காசு குடுத்து ஒரு வீட்ட எடுக்கிறாங்க ஜோதி. நம்ம பல்லு வெளக்குறத பாக்கவா வர்றாங்க?" அதுவும் நியாயம்தானே.

அன்றைக்கே பாத்ரூமில் இருந்த எங்கள் பிரஷ்ஷை எடுத்தேன். அடுத்த வாரம் கொடியில் காயும் துணி. காலண்டர். எங்கள் கல்யாண போட்டோ. சாமி படம் கடைசியாக. எல்லா மதத்துக்காரர்களும் வருகிறார்கள், எதற்கு வம்பு என்று அதையும் துணியில் சுற்றி ரோஸ்லின் அக்கா வீட்டில் வைத்தேன். ரோஸ்லின் அக்கா பக்கத்து வீடு, பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை. "கர்த்தர் எங்க வீட்டுல ஒங்க முருகனுக்கும் எடம் குடுப்பாருடி" என்று சிரித்துக்கொண்டே பீரோவுக்குள் வைத்தார்கள்.

அப்புறம் எங்களுக்கு அது கைவந்துவிட்டது அக்கா. பெருமைக்குச் சொல்லவில்லை. ஆள் வருகிறார்கள் என்று போன் வந்தால் பத்து நிமிஷம். கூடத்தில் படுத்த பாயைச் சுருட்டி, பாத்திரத்தைக் கூடையில் போட்டு, தரையைத் துடைத்துக்கொண்டே பின்பக்கமாக வெளியேறி விறகுக் கொட்டகைக்குப் போய்விடுவோம். இப்படி ஒரு குடும்பம் இங்கே இருந்தது என்று மோப்ப நாய் வந்தாலும் கண்டுபிடிக்காது. தன்ஷிகாவுக்குக் கொலுசைக் கழற்றினேன். காலையில் சத்தம் கேட்கிறது என்று ஒரு அம்மா சொன்னார்கள், அதனால். பிள்ளை ஒருநாள் அழுதது. அடுத்த நாள் இல்லை. சொன்னால் புரிந்துகொள்ளும், அந்த மாதிரிப் பிள்ளை. காய்ச்சல் வந்தாலும் அழுகையை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்ளும். டாக்டரே ஆச்சரியப்பட்டார்.

ரோஸ்லின் அக்காதான் கேலி பேசும். "ஏண்டி ஜோதி, ஒன் வீட்டுக்குள்ள நீயே களவாணி மாதிரி நடக்குற?"

ஓனர் ஊரில் இல்லை என்று சொல்ல ஆரம்பித்தது இவருடைய யோசனை. ஓனர் இங்கேயே இருக்கிறார் என்று தெரிந்தால் வருகிறவர்களுக்குக் கூச்சமாக இருக்கிறது. ஒன்று பேச மாட்டார்கள், இல்லையென்றால் பேரம் பேசுவார்கள். வேலைக்கு இருக்கிறவர்கள் என்று சொல்லிவிட்டால் அவர்களுக்கும் சௌகரியம், நமக்கும் சௌகரியம். பிள்ளைக்கும் சொல்லிக்கொடுத்தோம். யார் கேட்டாலும் கையைக் கட்டிக்கொண்டு, "ஓனர் ஊர்ல இல்ல, என்ன வேணும்னாலும் எங்கம்மாகிட்ட கேளுங்க." மழலையில் அவள் அதைச் சொல்லும்போது அவ்வளவு அழகாக இருக்கும். கேட்டவர்கள் சாக்லேட் கொடுப்பார்கள்.

இப்படி மூன்று சீசன் போனது.

போன வருஷம் மாசி மாசம் நகராட்சி ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்துக்கொண்டு போனார்கள். வெளியூர்க்காரர்கள் வந்து வீடு வீடாக வாங்கிப் போட்டு, வீடு என்ற பெயரில் லாட்ஜ் நடத்துகிறார்கள். ஊர்க்காரர்களுக்கு வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை, தண்ணீர் கிடைக்கவில்லை. அதனால் இனிமேல் ஓனர் குடும்பத்தோடு குடியிருக்கிற வீட்டில், அதிகபட்சம் இரண்டு ரூம்தான் விருந்தாளிக்கு விடலாம். பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். நேரில் வந்து பார்ப்பார்கள். ஆள் குடியில்லாத வீடாக இருந்தால் பூட்டி சீல்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை அக்கா. நாங்கள் ஓனர், நாங்கள் குடியிருக்கிறோம், எங்களிடம் சரியாக இரண்டே ரூம். சட்டத்தை எழுதினவர் எங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டே எழுதின மாதிரி இருந்தது. மேல்தெருவில் கண்ணாடி மாளிகை கட்டி வைத்திருக்கிற சென்னைக்காரருக்குத்தான் ஆபத்து என்று இவர் சிரித்தார். மறுநாளே போய் எழுதிக்கொடுத்தோம். முதல் பத்து பேரில் நாங்கள் ஒன்று.

இந்த வாரத்துக்குள் பார்க்க வருவோம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

இப்போது நான் செய்ததைக் கேளுங்கள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்‌ஷன் வருகிறார்கள் என்றால் பெரிய சார் என்ன செய்வார்? கால் உடைந்த பெஞ்சையெல்லாம் தூக்கி மாட்டுக் கொட்டகையில் போடச் சொல்லுவார். சுவரில் கிறுக்கினதை அழிக்கச் சொல்லுவார். யாரிடம் என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று மூன்று நாள் ஒப்பிக்கச் சொல்லுவார். பார்க்க வருகிறவர் முன்னால் எதுவும் கிடக்கக் கூடாது. எனக்குத் தெரிந்த இன்ஸ்பெக்‌ஷன் அதுதான். அதையேதான் செய்தேன். அரிசி டிரம், கிரைண்டர், குக்கர், தன்ஷிகாவின் யூனிபார்ம், புத்தகப்பை, எங்கள் துணிமணி, எல்லாவற்றையும் நானும் இவரும் ரோஸ்லின் அக்கா வீட்டுக்குச் சுமந்தோம். கொட்டகையைக்கூடக் கழுவிவிட்டேன். வெள்ளைத் துண்டு ஆறு, மடிப்புக் கலையாமல் அடுக்கினேன். ஒரு முடி கீழே கிடக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு மேடம் வந்தார்கள். கூட ஒரு பியூன். நல்ல மாதிரியான மேடம்தான், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். முன்ரூமைப் பார்த்தார்கள். கூடத்தைப் பார்த்தார்கள். பீரோவைத் திறந்தார்கள், துண்டு இருந்தது. பிரிட்ஜைத் திறந்தார்கள், தண்ணீர் பாட்டில் இருந்தது. அடுப்பைக் கையால் தொட்டுப் பார்த்தார்கள்.

"ரொம்ப சுத்தமா வச்சிருக்கீங்க" என்றார்கள். நான் சிரித்தேன்.

"நீங்க எங்கம்மா இருக்கீங்க?"

"இங்கதான் மேடம்."

"இங்கன்னா?"

கூடத்தைக் காட்டினேன். மேடம் சுவரைச் சுற்றிப் பார்த்தார்கள். "ஒரு சாமி படம்கூட இல்லையேம்மா."

அப்போதுதான் எனக்கு லேசாக உறைத்தது. எல்லாம் பக்கத்து வீட்டில் இருக்கிறது மேடம், இப்பவே தூக்கிக்கொண்டு வருகிறேன் என்று ஓடப் பார்த்தேன். மேடம் கையைக் காட்டி நிறுத்தினார்கள். "பொருள் பக்கத்து வீட்ல இருந்தா, நீங்களும் பக்கத்து வீட்லதானம்மா இருக்கீங்கன்னு அர்த்தம்?" இவர் ரேஷன் கார்டு, ஆதார் எல்லாவற்றையும் நீட்டினார். மேடம் வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. "சென்னைக்காரங்க எல்லாரும் இந்த மாதிரி கார்டு வாங்கி வச்சிருக்காங்க. அதனாலதான் நேர்ல வந்து பாக்கச் சொல்லி ஆர்டர்."

தன்ஷிகா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். மேடம் குனிந்து அவள் கன்னத்தைத் தொட்டு, "பாப்பா, இது யாரு வீடு? நீ சொல்லு" என்றார்கள்.

பிள்ளை என் முகத்தைப் பார்த்தது. நான் சொல்லு சொல்லு என்று தலையை ஆட்டினேன். நம் வீடு என்று சொல்லு என்ற அர்த்தத்தில்தான் ஆட்டினேன். அவள் கையைக் கட்டிக்கொண்டாள். "ஓனர் ஊர்ல இல்ல. என்ன வேணும்னாலும் எங்கம்மாகிட்ட கேளுங்க."

ஒரு திக்கல் இல்லை, ஒரு திணறல் இல்லை. உண்மையைச் சொல்கிறேன் அக்கா, ஒரு நொடி எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

நாங்கள்தான் மேடம் அப்படிச் சொல்லிக்கொடுத்தோம் என்றேன். மேடம் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். "சொந்த வீட்ட, இது நம்ம வீடு இல்லன்னு சொல்லச் சொல்லி யாராவது பெத்த பிள்ளைக்குச் சொல்லிக்குடுப்பாங்களாம்மா?"

மேடம் எழுதினார்கள். குடும்பம் வசிக்கவில்லை.

சீல் வைக்க வெள்ளிக்கிழமை வந்தார்கள். அரைமணி நேரம் தருகிறோம், சாமான் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். எடுக்க என்ன இருக்கிறது? துண்டும் மெத்தையும். சனிக்கிழமை ஆள் வருகிறார்கள், எப்படியும் ஒளித்து வைக்க வேண்டியதுதானே என்று நான் எதையும் திருப்பிக் கொண்டுவரவில்லை, எல்லாம் ரோஸ்லின் அக்கா வீட்டிலேயே இருந்தது. நாங்கள் கையை வீசிக்கொண்டு வெளியே வந்தோம். பியூன் பக்கத்திலிருந்தவரிடம், "பாத்தீங்களா சார், ஒரு டம்ளர்கூட எடுக்கல. குடியிருந்த ஆளுக இப்பிடியா வருவாங்க?" என்றார். அவர் சொன்னதும் சரிதான். கதவில் துணிப்பட்டை வைத்து அரக்கு ஊற்றினார்கள். எல்லா வீட்டுக்காரர்களும் ரோட்டில் நின்று பார்த்தார்கள். நான் அழவில்லை. நாளைக்கு மதுரையிலிருந்து வருகிறவர்களுக்கு என்ன சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். இவர்தான் ஜீப்புக்குள் போய் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கிளப்பவும் இல்லை, இறங்கவும் இல்லை.

ரோஸ்லின் அக்கா வீட்டில் ஒரு வாரம். அப்புறம் கீழே காலனியில் ஒரு லைன் வீடு கிடைத்தது. ஒரே ரூம், பஸ்ஸில் முக்கால் மணி நேரம். இவர் திங்கட்கிழமை தவறாமல் மனு கொடுக்கப் போனார். நானும் போனேன். வரிசையில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பக்கத்தில் இருக்கிறவர்கள் கேட்பார்கள், என்ன விஷயம் என்று. எங்கள் வீட்டில் நாங்கள் இருந்தோம் என்று நிரூபிக்க வந்திருக்கிறோம் என்பேன். சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். என்ன செய்வது.

ஆவணி மாசம் கூப்பிட்டுச் சொன்னார்கள். இரண்டு வழி இருக்கிறது. குடும்பம் வசிக்கிற வீடு என்று கேட்டால், மறுபடியும் ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும். வரிசையில் முந்நூறு வீடு இருக்கிறது, எப்போது வருவோம் என்று சொல்ல முடியாது, அதுவரை சீல் அப்படியே இருக்கும். தங்கும் விடுதி என்று எழுதிக்கொடுத்தால், கட்டணம், தீயணைப்புச் சிலிண்டர், போர்டு எல்லாம் சரியாக இருந்தால் பத்து நாளில் திறந்துவிடலாம். விடுதி என்று ஆகிவிட்டால் குடும்பம் எதுவும் குடியிருக்கக் கூடாது. அதையும் வந்து பார்ப்பார்கள்.

மழைக்காலம் வந்துகொண்டிருந்தது அக்கா. மலையில் ஒரு மழைக்காலம் வீடு பூட்டிக் கிடந்தால் என்னாகும் என்று உங்களுக்குத் தெரியாது. சுவர் பூத்துவிடும், மரம் உப்பிவிடும், மாமனார் போட்ட பலகைத் தரை ஒரு வருஷம் தாங்காது. வீட்டைக் காப்பாற்றுவதா, வீட்டில் இருப்பதா என்று வந்தால் என்ன செய்வீர்கள்? இவர் கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன். எனக்குக் கையெழுத்து நன்றாக வரும்.

சிலிண்டரும் போர்டும் மாட்ட இரண்டு நாள் மட்டும் சீலை எடுத்துவிட்டார்கள், அப்புறம் மறுபடியும் அதே மேடம்தான் பார்க்க வந்தார்கள். இந்தத் தடவை யாரும் குடியில்லை என்று காட்ட வேண்டும். அதில்தான் எங்களை அடிக்க ஆள் கிடையாதே. மேடம் எல்லா ரூமையும் பார்த்தார்கள். கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்தார்கள். கையை விட்டு எதையோ எடுத்தார்கள். சின்ன கிளிப், மஞ்சளில் பட்டாம்பூச்சி போட்டது, தன்ஷிகாவுடையது. எப்போது விழுந்ததோ. எவ்வளவு துடைத்திருப்பேன், எப்படி விட்டேன் என்று தெரியவில்லை. ஏதோ விருந்தாளிப் பிள்ளையோடது மேடம் என்றேன்.

மேடம் என்னை ரொம்ப நேரம் பார்த்தார்கள். கிளிப்பை என் உள்ளங்கையில் வைத்து விரலை மூடினார்கள். போய் எழுதினார்கள். குடும்பம் வசிக்கவில்லை. அதே வார்த்தைதான். அன்றைக்கு அதற்காகப் பூட்டினார்கள், இன்றைக்கு அதற்காகத் திறந்துவிட்டார்கள்.

இப்போது ஒரு குறையும் இல்லை. ஆப்பில் எல்லாம் ஐந்து நட்சத்திரம். வீட்டுக்குப் பெயின்ட் அடித்தாயிற்று. நான் காலை பஸ்ஸில் வருவேன், சாயங்காலம் ஆறு மணிக்குள் கிளம்பிவிட வேண்டும், அதுதான் ரூல். தன்ஷிகா இங்கேதான் பள்ளிக்கூடம், இரண்டாவது படிக்கிறாள். விட்டதும் ரோஸ்லின் அக்கா வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துகொள்வாள். அதோ, நீலப் பை, அவள்தான்.

கூப்பிட வேண்டாம் அக்கா. பகலில் வரலாம், ரூலில் தடை ஒன்றும் இல்லை. ஆள் இல்லாத ஒரு நாள் நானே கூப்பிட்டேன். கதவு அகலத் திறந்துதான் கிடந்தது. வந்து நிலைக்கு வெளியே நின்று, இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, உள்ளே வரலாமா என்று கேட்டாள். வா என்றேன். வந்தாள். கூடத்தில் நின்றாள். நான் தரையைத் துடைத்து முடிக்கிற வரைக்கும் நின்றுகொண்டே இருந்தாள், எதையும் தொடவில்லை. நல்ல பிள்ளை. யார் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாலும் எனக்குத் தலைகுனிவு வராது.

மணி ஆகிவிட்டது. ராத்திரிக்குச் சப்பாத்தியும் குருமாவும் டப்பாவில் இருக்கிறது, சுட வைத்துக்கொள்ளுங்கள். ஆப்பில் எழுதும்போது வீட்டைப் பற்றி மட்டும் எழுதுங்கள் அக்கா, நான் சொன்னதை எழுத வேண்டாம். ஓனர் ஊரில் இல்லை என்றே இருக்கட்டும்.

நான் வெளியே போனதும் உள்தாழ்ப்பாளைப் போட்டுக்கொள்ளுங்கள். பழைய தாழ்ப்பாள், கொஞ்சம் தூக்கி அழுத்தினால்தான் விழும். நான் படியிலேயே நிற்பேன். உள்ளே தாழ் விழுகிற சத்தம் கேட்ட பிறகுதான் போவேன்.